கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: மயிலாடுதுறை மாவட்டத்தில் வருவாய்த் துறை இளநிலை உதவியாளராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தாலும், கடலில் புயல் சின்னம் உருவானாலும் தாலுகா அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு இரவுப் பணி போடுகிறார்கள். போனை எடுத்து, வருகிற தகவலை மேலே சொல்லி, பதிவேட்டில் எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டினால் 'தகவல் தெரிவிக்கப்பட்டது', 'உடன் நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்றே பக்கம் பக்கமாக இருக்கிறது. சீனியர் ஒருவர், "இப்ப துண்டுச் சீட்டுல குறிச்சுக்க, காலையில நிதானமா நோட்டுல ஏத்திக்கலாம்" என்கிறார். இன்னொருவர், "எல்லாம் வாட்ஸ்அப் குரூப்புல இருக்கே, நோட்டு எதுக்கு?" என்கிறார். வீட்டில் அப்பாவோ, "நீ கைப்பட எழுதினது நாளைக்கு உன் தலையிலதான் விடியும், பாத்து எழுது" என்று பயமுறுத்துகிறார். எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும்?

பதில்: பதிவேடு யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தணிக்கைக்கு, விசாரணைக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் பிறகு. நள்ளிரவில் தாசில்தார் போன் செய்து "அந்தத் தெருவுக்குப் படகு போச்சா?" என்று கேட்பார். அப்போது பதில் சொல்ல வேண்டிய உங்களுக்காகத்தான் அது. காலையில் உங்கள் நாற்காலியில் வந்து உட்காரப்போகிறவருக்காகவும்தான். அந்த இரண்டு பேருக்கும் பயன்படும்படி எழுதினால், தணிக்கைக்கும் விசாரணைக்கும் தேவையானது அதிலேயே இருக்கும்.

நீங்கள் பழைய பதிவேட்டில் பார்த்த மாதிரியான பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். "திட்டு கிராமத்தில் தண்ணீர் புகுந்ததாகத் தகவல். உடன் நடவடிக்கை எடுக்கப்பட்டது." எந்தத் தெரு, சொன்னவர் யார், அவர் கண்ணால் பார்த்தாரா, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார், அங்கிருந்தவர்கள் கடைசியில் வெளியே வந்தார்களா? இதில் ஒன்றுக்குக்கூட அந்த வரியில் விடை இல்லை. அதைவிட மோசம், அது வேலை முடிந்துவிட்டதுபோல் காட்டுகிறது. படிப்பவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். தண்ணீருக்குள் நிற்பவரை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

அதே சம்பவத்தை இப்படி எழுதலாம். பயிற்சிக்காக நானே எழுதிய மாதிரி இது:

01.50. திட்டு கிராமம், கீழத்தெரு. ஒரு பெண் போனில் சொன்னது (பெயர், எண் தனியே குறித்துள்ளேன்). தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், ஏறிக்கொண்டிருக்கிறது. நேரில் பார்த்துச் சொல்கிறார். வீட்டில் 4 பேர், ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி.

01.54. வி.ஏ.ஓ.வுக்குப் போன். எடுக்கவில்லை. 01.56, மறுபடியும் எடுக்கவில்லை.

01.58. ஆர்.ஐ.யிடம் சொன்னேன். தெருப் பெயரையும் ஆள் கணக்கையும் திரும்பச் சொன்னார், சரி. முகாமில் நிற்கும் படகை அனுப்புவதாகச் சொன்னார்.

02.05. 108க்குத் தகவல். ஆம்புலன்ஸ் ஆற்றங்கரை வரை வரும், அதுவரை படகில் கொண்டுவர வேண்டும் என்றார்கள்.

02.40. படகு கிளம்பியதா என்று ஆர்.ஐ.யிடம் கேட்டேன். இல்லை. ஓட்ட ஆள் இல்லை, மீனவர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

03.15. படகு 03.05க்குக் கிளம்பியதாக ஆர்.ஐ. சொன்னார்.

03.50. அந்தப் பெண்ணின் எண்ணுக்கு நானே போன் செய்தேன். நான்கு பேரும் கரை சேர்ந்துவிட்டார்கள். கர்ப்பிணி ஆம்புலன்சில். முடிந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 02.40 வரி. அந்த நேரத்தில் யாரும் உங்களுக்குப் போன் செய்யவில்லை, நீங்களாகவே கேட்டிருக்கிறீர்கள். ஏன் கேட்டீர்கள்? 01.58 வரியில் படகை 'அனுப்புவதாகச் சொன்னார்' என்றுதான் இருக்கிறது. அனுப்பியாயிற்றா என்பது பாக்கி. 'உடன் நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே உங்களுக்குத் தோன்றியிருக்காது. படகு ஓட்ட ஆளில்லாமல் இன்னும் ஒரு மணி நேரம் போயிருக்கும். பதிவேடு உயிரைக் காப்பாற்றுகிறது என்று நான் வகுப்புகளில் சொல்வது இந்த இடத்தை வைத்துத்தான்.

'முடிந்தது' என்ற சொல்லையும் அவசரப்பட்டு எழுதக் கூடாது. ஆர்.ஐ. "ஆச்சு" என்றதும் எழுதிவிடாதீர்கள். முதலில் கூப்பிட்டவரையோ, முகாமில் இருப்பவரையோ கேட்டு உறுதி செய்த பிறகு எழுதுங்கள். அதுவரை அந்தப் பதிவு திறந்தே கிடக்கட்டும். நோட்டின் வலது ஓரத்தில் 'முடிந்ததா?' என்று ஒரு பத்தி கோடு போட்டு வைத்துக்கொண்டால், காலியாக இருக்கும் கட்டங்கள் தாமே கண்ணில் படும்.

இதற்கென்று அரசுப் படிவங்களும் இருக்கின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட 'இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்' வழிகாட்டுதலின் பின்னிணைப்பில் பாருங்கள். படிவம் 003 ஒவ்வொரு பிரிவும் எழுத வேண்டிய லாக், 004 செய்து முடித்த பணிகளின் பதிவு. உங்கள் அலுவலகத்தில் அச்சிட்டு வைத்திருந்தால் அதிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் கெட்டி அட்டை போட்ட, பக்க எண் இட்ட நோட்டு ஒன்று போதும். ஜெல் பேனா வேண்டாம், நனைந்தால் மை ஓடிவிடும். பால்பாயின்ட் பேனா நிற்கும்.

நேரம் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். 'இரவு 12.30' என்றால் எந்தத் தேதி என்று மறுநாளே சண்டை வரும். நள்ளிரவு தாண்டியதும் புதுத் தேதியைத் தனி வரியாகப் பெரிதாக எழுதிவிடுங்கள். ஒரு செய்திக்கு இரண்டு நேரம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்: அது நடந்த நேரம், உங்களுக்கு வந்து சேர்ந்த நேரம். மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பி, அணைக்கரை தாண்டித்தான் உங்கள் பக்கம் வரும். 'மேட்டூரில் இவ்வளவு கன அடி திறப்பு' என்று 21.00க்கு உங்களுக்குத் தகவல் வருகிறது. திறந்தது எப்போது? 14.00 மணிக்கா, 20.30க்கா? அதைக் கேட்டு எழுதாவிட்டால், தண்ணீர் எப்போது வரும் என்று கணக்குப் போடவே முடியாது.

மழை அளவிலும் இதே குழப்பம். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது 18ஆம் தேதி காலை 8.30உடன் முடிந்த 24 மணி நேரத்தின் கணக்கு. மழையில் பெரும்பகுதியை ஊர்க்காரர்கள் பார்த்தது 17ஆம் தேதி பகலிலும் இரவிலும். தேதி மட்டும் எழுதிய இரண்டு பதிவுகளைப் பிறகு ஒப்பிட்டால் ஒரே மழையை இரண்டு மழையாக எண்ணிவிடுவோம். புயல் அறிக்கைகளில் சில இடங்களில் உலக நேரம் இருக்கும், அதோடு ஐந்தரை மணி கூட்டினால்தான் நம் நேரம். நீங்கள் எழுதும்போது கூட்டியே எழுதிவிடுங்கள். சுவர்க் கடிகாரமும் கைப்பேசியும் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று பணி தொடங்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குரூப் பற்றிக் கேட்டீர்கள். வேகத்துக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நூறு பேர் பார்த்த செய்திக்குப் பொறுப்பாளி யார்? கைகூப்பும் படம் ஒன்றும் கட்டைவிரல் படம் நாலும் வரும். 'நான் போகிறேன்' என்று யாராவது சொன்னார்களா என்று தேட வேண்டியிருக்கும். போன மழையில் எடுத்த படத்தை இன்றைய படமாக ஃபார்வர்டு செய்கிறார்கள். அனுப்பியவர் அழித்துவிட்டால் செய்தியும் போய்விடும். பணி மாறிப் போகும் அதிகாரியோடு அவர் கைப்பேசியும் போய்விடும். டவர் போனால் எல்லாமே போயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த பிறகு நாகை, வேதாரண்யம் பக்கம் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் எத்தனை நாள் இல்லாமல் இருந்தன என்று உங்கள் அலுவலகத்தில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். குரூப்பில் வருகிற முக்கியமான செய்தி ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி வேண்டும்: யார் போட்டது, எத்தனை மணிக்கு, யார் ஏற்றுக்கொண்டார், முடிந்ததா.

"காலையில ஏத்திக்கலாம்" என்ற யோசனைதான் இருப்பதிலேயே ஆபத்தானது. உங்கள் சீனியர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அழகான பதிவேடுதான் நல்ல பதிவேடு என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம். ஆனால் ராத்திரியில் எது முக்கியம் என்று தெரியாமல் எழுதுகிறோம், காலையில் எது முக்கியம் என்று தெரிந்த பிறகு எழுதுகிறோம். தெரிந்த பிறகு எழுதும் கை, தன்னை அறியாமலே சில வரிகளை விட்டுவிடும்.

கடல்துறையில் இதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் மூழ்கியபோது, கலிபோர்னியன் என்ற கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தது. அதன் ஒரே வயர்லெஸ் ஆபரேட்டர் தூங்கப் போயிருந்தார். காவலில் இருந்த அதிகாரிகள் வானத்தில் வெள்ளை ராக்கெட்டுகளைப் பார்த்தார்கள், கேப்டன் ஸ்டான்லி லார்டுக்கும் சொன்னார்கள். பின்னால் லண்டனில் நடந்த விசாரணையில் அந்தக் கப்பலின் லாக் புத்தகத்தைப் பார்த்தபோது, ராக்கெட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காவல் நேரத்தில் எழுதும் கச்சாக் குறிப்பிலிருந்து சுத்தப் பிரதி எடுத்துவிட்டு, கச்சாத் தாளைக் கிழித்துப் போடுவது அவர்கள் வழக்கம். அந்த இரவின் தாளும் அப்படியே போய்விட்டது. ராக்கெட் எத்தனை, எந்தத் திசை, கேப்டனிடம் எத்தனை மணிக்கு என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் ஆளாளுக்கு நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. உதவிக்குப் போகவில்லை என்ற பழி, லார்டு 1962இல் இறக்கும்வரை அவரை விடவில்லை. அவர் மீது தப்பு இருந்ததா இல்லையா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தத் தாள் இருந்திருந்தால் அது அவரைக் குற்றவாளி ஆக்கியிருக்கலாம், காப்பாற்றியும் இருக்கலாம். சுத்தப் பிரதி இரண்டையும் செய்யவில்லை.

அதனால் முதல் தடவையே நோட்டில் எழுதுங்கள். கையெழுத்து கோணலாக இருக்கட்டும், பரவாயில்லை. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு அடியுங்கள், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் நேரமும் போடுங்கள். வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கவும் கூடாது. நடுவில் வரிகளைக் காலியாக விட்டு, அப்புறம் நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். போன் மேல் போன் வந்து எழுத முடியாமல் போனால், கை ஒழிந்ததும் '04.20க்கு எழுதுவது, நடந்தது 03.30 வாக்கில்' என்று வெளிப்படையாகச் சொல்லியே எழுதுங்கள். துண்டுச் சீட்டில் குறித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், அந்தச் சீட்டையும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். இரண்டு பேர் பணியில் இருந்தால் ஒருவர் போனில் பேசட்டும், மற்றவர் எழுதட்டும். பேசுபவர் கேட்டதை உரக்கத் திரும்பச் சொன்னால் எழுதுபவருக்கும் காதில் விழும், எதிர்முனையில் இருப்பவரும் திருத்துவார்.

இனி உங்கள் அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். அது காரணமில்லாத பயம் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்த நோட்டை யாரும் கேட்கலாம், நீதிமன்றமும் கேட்கலாம். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து உச்சமாக 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்து விடப்பட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தார்கள், யார் உத்தரவு, கரையோர மக்களுக்கு எப்போது சொன்னார்கள் என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கையும் அந்தத் திறப்பைக் குறை சொன்னது. இப்படி ஒரு நாள் வந்தால் முதலில் கேட்பது 'அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரியும்?' என்றுதான். அன்று எழுதிய பதிவு மட்டும்தான் அதற்குப் பதில் சொல்லும். பின்னால் எல்லா விவரமும் தெரிந்த பிறகு ஒரு முடிவைக் குறை சொல்வது சுலபம். முடிவெடுத்தபோது கையில் என்ன தகவல் இருந்தது, என்ன இல்லை என்று வரி இருந்தால், நேர்மையாக வேலை செய்தவருக்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது. ஒன்றுமே எழுதாதவரைத்தான் யாராலும் காப்பாற்ற முடியாது.

ஆகவே தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். 'ஏரி உடைந்துவிட்டதாக ஒருவர் சொன்னார், அவர் பார்க்கவில்லை, வாட்ஸ்அப்பில் வந்தது என்கிறார். சரிபார்க்க ஆர்.ஐ.யிடம் சொல்லியுள்ளேன்' என்பது நல்ல பதிவு. 'ஏரி உடைந்தது' என்று நீங்களே எழுதினால் வதந்திக்கு அரசு முத்திரை குத்திய மாதிரி ஆகிவிடும். செய்யாத காரியத்தையும் காரணத்தோடு எழுதுங்கள்: 'இழுவை அதிகம், இருட்டில் படகு விட முடியாது என்று தீயணைப்பு அலுவலர் சொன்னார். விடிந்ததும் போவார்கள். அங்கிருப்பவர்களை மாடியில் இருக்கச் சொன்னேன்.'

ஆட்களைப் பற்றிய தீர்ப்பை மட்டும் எழுதாதீர்கள். 'வி.ஏ.ஓ. எடுக்கவில்லை' என்பது நடந்தது. 'வி.ஏ.ஓ. பொறுப்பில்லாமல் போனை எடுக்கவில்லை' என்பது உங்கள் கோபம். அந்த நேரத்தில் அவர் இடுப்பளவு தண்ணீரில் யாரையாவது தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

மேலதிகாரி வாய்மொழியாக உத்தரவு போட்டால், பதவி, நேரம், அவர் சொன்ன வாசகம் மூன்றையும் எழுதி, "சார், இப்படிக் குறிச்சிருக்கேன்" என்று படித்துக் காட்டிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இதை வரவேற்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அது பாதுகாப்பு. யாராவது "இதை எழுத வேண்டாம்" என்றால் தயங்காமல், "போன் வந்ததை எழுதித்தான் ஆகணும் சார், நீங்க சொன்ன விளக்கத்தையும் சேர்த்து எழுதிடறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். அங்கே விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதவி கேட்டவர்களின் பெயர், எண், வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், யார் கர்ப்பிணி, யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் இந்த நோட்டில் வரும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் குரூப்பில் போடாதீர்கள், நிருபர் கேட்டாலும் காட்டாதீர்கள். பெயர்களையும் எண்களையும் தனித் தாளில் வரிசை எண் போட்டு வைத்துக்கொண்டு, நோட்டில் அந்த எண்ணை மட்டும் குறிப்பது நல்லது.

பணி மாறும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. 'முடிந்ததா?' பத்தியில் காலியாக இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 'கீழத்தெருவில் இன்னும் இரண்டு வீடு பாக்கி. முகாமில் பால் பவுடர் கேட்டிருக்கிறார்கள், வரவில்லை. வடக்குக் கரையில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள், ஆறு மணிக்குப் பார்த்தது.' வருகிறவர் கேள்வி கேட்கட்டும். பிறகு இருவரும் நேரம் போட்டு ஒப்பமிடுங்கள். உங்கள் ஷிப்ட் முடியும் அதே நேரத்தில் வயர்லெஸ்காரரும் மாறுகிறார் என்றால், ஒருவர் அரை மணி நேரம் கூடுதலாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் புதிதாக இருக்கும் அந்த நேரத்தில்தான் பாக்கி வேலைகள் நழுவுகின்றன.

வெள்ளம் வடிந்ததும் நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அணைக்கரையில் எத்தனை கன அடி என்றபோது எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை மணி நேரம் கழித்து வந்தது, எந்தச் சாலை முதலில் துண்டானது, எந்தப் படகுக்கு ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்பதையெல்லாம் உங்கள் வரிகளிலிருந்தே பொறுக்கி ஒரு தாளில் எழுதலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத உள்ளூர்க் கணக்கு அது. அடுத்த ஆண்டு மேட்டூர் நிரம்பும் செய்தி வருவதற்கு முன்பே அந்தத் தாளைத் தாசில்தாரிடம் கொடுத்து, படகு ஓட்டத் தெரிந்த மீனவர்களின் பெயர், எண் பட்டியலை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.